போஸ்டருக்கு முன் பென்சில்: வடிவமைப்புக் கருவிகளைக் கொண்டு ஆங்கிலம் எழுதப் பழக்கும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலப் பாடம் எடுக்கப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கேன்வா போன்ற வடிவமைப்புக் கருவிகளை இதுவரை தொட்டுப் பார்க்காதவர்களும் இதைப் படித்துவிட்டு அடுத்த வாரமே ஒரு வகுப்பில் முயன்று பார்க்கலாம். அதற்குக் கணினி அறிவு அதிகம் வேண்டியதில்லை. எதை முதலில் செய்வது, எதைக் கடைசி வரை தள்ளிப்போடுவது என்ற ஒழுங்குதான் வேண்டும்.

நம் மாணவர்கள் பலருக்கு ஆங்கிலத்தில் எழுதுவது என்றால் கரும்பலகையிலிருந்தோ நோட்ஸிலிருந்தோ பார்த்து எழுதுவதுதான். தாம் சொந்தமாக அமைத்த ஒரு வாக்கியத்தை ஆசிரியரைத் தவிர இன்னொருவரும் படிப்பார் என்ற அனுபவம் அவர்களுக்குக் கிடைப்பதே இல்லை. வடிவமைப்புக் கருவி உதவுவது இந்த இடத்தில்தான். எழுதியது சுவரில் ஒட்டப்படும் என்று தெரிந்தால் மாணவர் படிப்பவரை நினைத்துச் சொல்லைத் தேடுகிறார். இடம் குறைவு என்பதால் வேண்டாத வாக்கியத்தைத் தாமே வெட்டுகிறார். எத்தனை முறை திருத்தினாலும் பக்கம் அழுக்காவதில்லை என்பதால் திருத்தத் தயங்குவதில்லை. நோட்டில் மூன்று முறை அடித்து எழுதிய பக்கத்தைக் கையால் மறைத்துக்கொள்ளும் குழந்தை, திரையில் பத்து முறை மாற்றி எழுதுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இது பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள வேலை என்று யாரும் எண்ண வேண்டாம். பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் விளம்பரம் தயாரித்தல், அறிவிப்பு எழுதுதல், வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லுதல், படத்தைப் பார்த்துக் கருத்து எழுதுதல் ஆகியவை கேட்கப்படுகின்றன. சொல்லும் அமைப்பும் படமும் சேர்ந்த எழுத்துவகைகளைத்தான் நாம் இதுவரை வெறும் கோடு போட்ட தாளில் மனப்பாடம் செய்ய வைத்துக்கொண்டிருக்கிறோம்.

முதல் படி: கருவியைத் தேர்ந்தெடுத்தல்

பள்ளியில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுக் கருவியைத் தேர்ந்தெடுங்கள். உயர்தொழில்நுட்ப ஆய்வகமும் ஓரளவு சீரான இணையமும் இருந்தால் கேன்வாவைப் பயன்படுத்தலாம். 2013-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட இந்தக் கருவியின் கல்விப் பதிப்பு பள்ளி ஆசிரியர்களுக்கு இலவசம். ஆசிரியர் என்பதற்கான சான்றைப் பதிவேற்றிச் சரிபார்த்த பின் அது திறக்கும். வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய நாள் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்காமல், சில வாரங்களுக்கு முன்பே இதை முடித்துக்கொள்வது நல்லது.

இணையம் வந்து வந்து போகும் பள்ளிகளுக்கு, அதிலும் சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைப்பகுதிப் பள்ளிகளுக்கு, லிபரே ஆபீஸ் இம்ப்ரஸ் என்ற மென்பொருளையே பரிந்துரைப்பேன். அது முற்றிலும் இலவசம். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் தேவைப்படாது. எழுத்துப்பெட்டி, படம், வண்ணம் என்று நமக்கு வேண்டிய அனைத்தும் அதில் உள்ளன. கேன்வாவில் இருப்பது போன்ற அழகான டெம்ப்ளேட்டுகள், அதாவது முன்கூட்டியே வடிவமைத்து வைத்த பக்கங்கள், அதில் குறைவு என்பதைக் குறையாகச் சொல்வார்கள். எழுதக் கற்பிக்கும் நமக்கு அந்தக் குறை உதவியாகவே அமையும்; காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கணினியே இல்லாமல் ஆசிரியரின் கைப்பேசி மட்டும் இருந்தாலும் இம்முறையைத் தொடங்கலாம். மாணவர்கள் எல்லா வேலையையும் தாளில் செய்து முடித்த பின், குழுவுக்கு ஒருவராக வந்து கைப்பேசியில் தட்டச்சு செய்ய வேண்டும். வேலை மெதுவாக நடக்கும். ஆனால் கற்பது குறையாது.

இரண்டாம் படி: வகுப்புக்கு முன் செய்ய வேண்டியவை

முதன்முதலில் இதை முயன்றபோது நான் மாணவர்களைக் கணினிமுன் உட்காரவைத்து, பிடித்த டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். பாடவேளை முழுவதும் நிறத்தையும் பூக்களையும் பலூன்களையும் மாற்றுவதிலேயே போயிற்று. மணி அடித்தபோது எட்டுக் குழுக்களின் திரையிலும் அழகான போஸ்டர்கள் இருந்தன. அவற்றில் டெம்ப்ளேட்டோடு வந்த ஆங்கில வாக்கியங்கள் அப்படியே இருந்தன. என் மாணவர் எழுதிய வாக்கியம் ஒன்றுகூட இல்லை. குற்றம் பிள்ளைகளுடையதன்று, நான் வகுத்த வரிசையுடையது.

ஆகவே இப்போது நான் வெற்றுப் பக்கத்தை மட்டுமே கொடுக்கிறேன். ஏ4 அளவில், வெள்ளைப் பின்னணியில், தலைப்புக்கு ஒரு பெட்டியும் செய்திக்கு இரண்டு பெட்டிகளும் படத்துக்கு ஒரு காலிக் கட்டமும் வைத்து ஒரு கோப்பைத் தயாரித்து, குழுக்களின் எண்ணிக்கைக்கேற்ப நகலெடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் சொல் வரம்பு குறிப்பிடுங்கள்: தலைப்புக்கு ஐந்து சொற்கள், செய்திப்பெட்டிக்கு இருபது சொற்கள். கேன்வாவில் தட்டச்சு செய்யச் செய்ய எழுத்துப்பெட்டி நீண்டுகொண்டே போகும் என்பதால், பெட்டியின் அளவை நம்பாமல் சொல் எண்ணிக்கையைத்தான் விதியாக்க வேண்டும்.

தானாகத் திருத்தும் வசதியையும் இப்போதே கவனித்துவிடுங்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே கிடையாது. அதனால் வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரியதாக எழுதுவது நம் பிள்ளைகளுக்குப் புதிதாகப் பழக வேண்டிய ஒன்று. இம்ப்ரஸ் அதைத் தானாகவே மாற்றிவிடும். மாணவருக்குத் தெரிகிறதா இல்லையா என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும். ‘டூல்ஸ்’ மெனுவில் ‘ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ்’ பகுதிக்குச் சென்று ‘கேபிடலைஸ் ஃபர்ஸ்ட் லெட்டர் ஆஃப் எவ்ரி சென்டென்ஸ்’ என்ற வரிக்கு எதிரே உள்ள குறியை நீக்கிவிடுங்கள். எழுத்துப்பிழை சரிபார்ப்பு மட்டும் இருக்கட்டும். ஆனால் அதன் மொழியைப் பிரிட்டிஷ் ஆங்கிலமாக மாற்றிவையுங்கள். இல்லையென்றால் பாடநூலில் உள்ள ‘கலர்’ என்ற சொல்லின் எழுத்துக்கூட்டலுக்கே கணினி சிவப்புக் கோடு போட்டு மாணவரைக் குழப்பும்.

மூன்றாம் படி: யாருக்காக எழுதுகிறோம்?

‘மாசு’, ‘மரம் வளர்ப்போம்’ போன்ற தலைப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றுக்கு மாணவரிடம் மனப்பாடமான வாக்கியங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. படிப்பவர் யார் என்று கண்ணுக்குத் தெரியும் பணியைக் கொடுங்கள். நம் மாவட்டங்களில் அதற்குப் பஞ்சமே இல்லை.

ஒகேனக்கல்லுக்குப் பெங்களூரிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் பயணிகள் வருகிறார்கள். தமிழ் தெரியாத அவர்களுக்குப் பரிசலில் ஏறும் முன் என்ன சொல்ல வேண்டும்? லைஃப் ஜாக்கெட் அணியுங்கள், பரிசலில் எழுந்து நிற்காதீர்கள், பாறை வழுக்கும் என்ற மூன்று செய்திகளை எழுத முயன்றால் ஏவல் வாக்கியம் முழுவதும் வந்துவிடும். ‘வேர் யுவர் லைஃப் ஜாக்கெட்’, ‘டு நாட் ஸ்டாண்ட்’ என்று வினைச்சொல்லில் தொடங்கும் வாக்கியத்தை இலக்கண விதியாகச் சொல்லி விளக்குவதைவிட இது எளிது.

ராகிக் களி கிண்டும் முறையைப் படிப்படியாக எழுதச் சொன்னால் ‘ஃபர்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’, ‘தென்’ போன்ற வரிசைச் சொற்கள் தாமாக வரும். கிண்டுவதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று அவர்களே கேட்பார்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஃப்ளோரைடு பற்றிய தகவல்படம் மிகப் பொருத்தமானது. இவ்விரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்திருப்பதும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதும் பிள்ளைகள் வீட்டில் கேட்டறிந்த செய்திகள். பல்லில் பழுப்புக் கறை படிந்த உறவினர் இல்லாத வீடு சில ஊர்களில் அரிது. ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது என்ற அளவையும், மிகுந்தால் பல்லுக்கும் எலும்புக்கும் என்ன ஆகும் என்பதையும் எழுதும்போது, காரணத்தையும் விளைவையும் இணைக்கும் ‘பிகாஸ்’, ‘ஸோ’, ‘இஃப்’ ஆகிய சொற்கள் உண்மையான வேலை செய்கின்றன.

நான்காம் படி: முதலில் தமிழில் பேச்சு, பிறகு பென்சில்

இந்தப் படிக்கு ஒரு முழுப் பாடவேளையை ஒதுக்குங்கள். கணினி அறையின் பக்கமே போக வேண்டாம். கிருஷ்ணகிரி மாம்பழத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு போஸ்டர் என்பது நான் கொடுத்த பணிகளில் ஒன்று. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய முதல் வரைவு இது: ‘மேங்கோ இஸ் அ ஃப்ரூட். மேங்கோ இஸ் ஸ்வீட். ஐ லைக் மேங்கோ.’ இதில் இலக்கணப்பிழை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் படிப்பவருக்குப் புதிதாக ஒரு செய்தியும் இல்லை. ஆங்கிலத்தை ஒதுக்கிவிட்டுத் தமிழில் கேட்டேன்: “உங்க வீட்ல மாங்காயை எப்படிம்மா பழுக்க வைப்பீங்க?” அவள் யோசிக்காமல் சொன்னாள்: “தாத்தா வைக்கோல்ல அடுக்கி மூடி வைப்பாரு சார். மூணு நாள் கழிச்சு வாசப்படிக்கே வாசனை வரும்.” எழுத வேண்டியது இதுதான் என்றேன். ‘இதையெல்லாம் எழுதலாமா’ என்பதுபோல் அவள் என்னைப் பார்த்தாள்.

வீட்டில் பேசும் மொழி எதுவோ அதில் முதலில் சொல்லவிடுங்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தம் மொழியில் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் தமிழில் சொல்ல, குழுவாக ஆங்கிலத்துக்குப் போவது நேரவிரயம் ஆகாது. சொல்ல ஒரு செய்தி கையில் இருந்தால்தான் ஆங்கிலத்தைத் தேடும் ஆவல் வரும். தெரியாத தனிச்சொல்லை அகராதியிலோ கைப்பேசியிலோ பார்க்கலாம், முழு வாக்கியத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் போடக் கூடாது என்பதை முதல் நாளே விதியாக்குங்கள். கேன்வாவில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு வசதிக்கும் இதே விதி பொருந்தும். கல்விப் பதிப்பில் அதை மாணவர்களுக்குத் திறப்பதா வேண்டாமா என்பதை நிர்வாகி முடிவு செய்ய முடியும். திறக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. தடுமாறி எழுதிய ஒரு வரியிலிருந்து பிள்ளை கற்றுக்கொள்வதை, கருவி எழுதித் தந்த பத்து வரிகள் கற்றுத்தராது.

ஐந்தாம் படி: சொற்களை இழுத்து வைத்தல்

வடிவமைப்புக் கருவி நோட்டைவிடத் தெளிவாக உயர்ந்து நிற்கும் இடம் இதுவே என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மாம்பழ மாணவி பென்சிலால் எழுதியது: ‘மை கிராண்ட்ஃபாதர் ஸ்ட்ரா மேங்கோ கீப்.’ இது தமிழ் வாக்கியத்தின் எலும்புக்கூடு. எழுவாய் முதலில், வினை கடைசியில், ‘வைக்கோலில்’ என்பதில் உள்ள வேற்றுமை உருபுக்கு ஆங்கிலத்தில் இடமே கொடுக்கப்படவில்லை. சிவப்பு மையால் திருத்திக் கொடுத்திருந்தால் அவள் பார்த்து எழுதியிருப்பாள், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக ஒவ்வொரு சொல்லையும் தனித்தனி எழுத்துப்பெட்டியில் தட்டச்சு செய்யச் சொன்னேன். எழுவாய்க்கு நீலம், வினைக்குச் சிவப்பு, மற்றவற்றுக்குக் கறுப்பு. பிறகு ஒரே ஒரு விதி சொன்னேன்: ஆங்கிலத்தில் சிவப்புப் பெட்டி நீலப் பெட்டியின் பக்கத்திலேயே உட்கார விரும்பும். அவள் ‘கீப்’ என்ற பெட்டியை மவுஸால் பிடித்து இழுத்து ‘கிராண்ட்ஃபாதர்’ அருகில் விட்டாள். அடுத்து, ‘வைக்கோல்’, ‘வைக்கோலில்’ இரண்டையும் கரும்பலகையில் எழுதி, அந்த ‘இல்’ ஆங்கிலத்தில் சொல்லுக்குப் பின்னால் ஒட்டாது, முன்னால் தனியே நிற்கும் என்றேன். ‘இன்’ என்று ஒரு சிறு பெட்டி செய்து ‘ஸ்ட்ரா’வுக்கு முன்னால் வைத்து, இரண்டையும் ‘மேங்கோ’வுக்குப் பின்னால் நகர்த்தினாள். தாத்தா ஒருவர்தான் என்பதால் ‘கீப்ஸ்’, பழம் பல என்பதால் ‘மேங்கோஸ்’ என்று பக்கத்திலிருந்த பெண் சொல்லித் தந்தாள். முடிவில் திரையில் நின்ற வாக்கியம்: ‘மை கிராண்ட்ஃபாதர் கீப்ஸ் மேங்கோஸ் இன் ஸ்ட்ரா.’

வாக்கிய அமைப்பைக் கையால் நகர்த்திப் பார்த்த பிள்ளை அதை எளிதில் மறப்பதில்லை. ‘ஏ’, ‘ஆன்’, ‘தி’ ஆகிய மூன்றையும் மஞ்சள் நிறச் சிறு பெட்டிகளாகப் பக்க ஓரத்தில் அடுக்கிவையுங்கள். தமிழில் இவைபோல் கட்டாயமாக வர வேண்டிய சொற்கள் இல்லாததால் பிள்ளைகள் இவற்றை விட்டுவிடுவார்கள். பெயர்ச்சொல் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, இங்கே மஞ்சள் பெட்டி வேண்டுமா என்று கேட்டுப் பார்ப்பதை ஒரு பழக்கமாக்குங்கள். ஒரு வாரத்துக்கு ஓர் இலக்கணக் கூறு போதும். எல்லாப் பிழைகளையும் ஒரே நாளில் திருத்த முயன்றால் மாணவர் எழுதுவதையே குறைத்துக்கொள்வார்.

ஆறாம் படி: பழைய வரைவை அழிக்காமல் திருத்துதல்

முதல் வரைவு முடிந்ததும் அந்தப் பக்கத்தை நகலெடுக்கச் சொல்லுங்கள். கேன்வாவில் பக்கத்தின் மேலேயே நகலெடுக்கும் குறியீடு இருக்கிறது. இம்ப்ரஸில் ‘டூப்ளிகேட் ஸ்லைடு’ என்ற கட்டளை உள்ளது. முதல் பக்கத்தைத் தொடக் கூடாது, திருத்தம் எல்லாம் இரண்டாம் பக்கத்தில்தான், மாற்றிய சொல் வேறு நிறத்தில் இருக்க வேண்டும். மூன்றாம் வரைவுக்கு மூன்றாம் பக்கம். எதை மாற்றினோம் என்பது இப்படிக் கண்ணுக்குத் தெரியும்.

குழுவுக்கு மூவர் இருப்பது பொருத்தம்: ஒருவர் வாக்கியம் சொல்ல, ஒருவர் தட்டச்சு செய்ய, மூன்றாமவர் உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறாவிட்டால் தட்டச்சு தெரிந்த மாணவரே எல்லாவற்றையும் செய்துவிடுவார். மற்ற இருவரும் வேடிக்கை பார்ப்பார்கள். இணைய வசதி இருந்தால் ஆசிரியர் தம் குறிப்பைத் திரையிலேயே கருத்தாக இடலாம். வரைவுக்கு இரண்டு குறிப்புகளுக்கு மேல் வேண்டாம். அவற்றுள் ஒன்றாவது பொருளைப் பற்றிய கேள்வியாக இருக்கட்டும். ‘தாத்தா எத்தனை நாள் மூடி வைப்பார்?’ என்று நான் இட்ட குறிப்புக்குப் பதிலாகத்தான் அந்த மாணவியின் அடுத்த வாக்கியம் வந்தது: ‘ஆஃப்டர் த்ரீ டேஸ், வீ ஸ்மெல் தெம் ஃப்ரம் தி டோர்.’

ஏழாம் படி: அலங்காரம்

சொற்கள் முடிந்து, நீங்கள் பார்த்துச் சரி என்ற பிறகே நிறத்தையும் படத்தையும் திறந்துவிடுங்கள்; இதற்கு இருபது நிமிடம் தாராளம். எழுத்துரு இரண்டுக்கு மேல் வேண்டாம். வெளிர் பின்னணியில் அடர் நிற எழுத்து இருக்க வேண்டும். இணையத்திலிருந்து படம் எடுப்பதைவிட மாணவர் வரைந்ததையோ ஊரில் எடுத்ததையோ வைப்பது நல்லது. பிள்ளைகளின் முகமும் முழுப்பெயரும் உள்ள போஸ்டரைப் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் வாட்ஸ்அப் குழுக்களில் பகிர வேண்டாம். அச்சிடும் முன் திரையில் காட்டி, கடைசி பெஞ்சில் இருக்கும் மாணவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் எழுத்தின் அளவைக் கூட்டுங்கள், அல்லது வாக்கியத்தைக் குறையுங்கள்.

எட்டாம் படி: சுவரில் ஒட்டுவதும் மதிப்பெண்ணும்

கறுப்பு வெள்ளை அச்சே போதும். பிடிஎஃப் கோப்பாகச் சேமித்து ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் அமைப்பு கலையாமல் வரும். ஒட்டும் இடம் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே மட்டும் இல்லாமல், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் பெற்றோர் நிற்கும் இடமாகவும் இருக்கட்டும். ஆங்கிலம் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு மாணவரே நின்று படித்துக் காட்டித் தமிழில் பொருள் சொல்ல வேண்டும். அந்த மாணவியின் தாத்தா, தன்னைப் பற்றி எழுதியிருந்த வரியை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

மதிப்பெண் போடும்போது அழகுக்கு மதிப்பெண் தராதீர்கள். தந்தால் அடுத்த முறை எல்லாரும் அழகுக்கே ஓடுவார்கள். பத்து மதிப்பெண்ணில் நான்கு, முதல் வரைவுக்கும் கடைசி வரைவுக்கும் இடையே நடந்த மாற்றத்துக்கு. மூன்று, வெளியாருக்குத் தெரியாத ஒரு செய்தியாவது சொல்லியிருப்பதற்கு. மூன்று, அந்த வாரத்து இலக்கணக் கூறைச் சரியாகப் பயன்படுத்தியதற்கு என்று நான் பிரித்துக்கொள்கிறேன்.

ஒரு பணிக்கு ஐந்து பாடவேளைகள் ஆகும்: பேசவும் பென்சிலால் எழுதவும் ஒன்று, சொற்பெட்டிகளுக்கு ஒன்று, திருத்தத்துக்கு இரண்டு, அலங்காரத்துக்கும் சரிபார்ப்புக்கும் ஒன்று. மாதத்துக்கு ஒரு பணி என்ற கணக்கில் தொடங்குங்கள். கோப்புகளுக்கு வகுப்பு, குழு எண், மாதம் என்ற வரிசையில் பெயரிட்டு ஒரே கோப்புறையில் சேமித்து, பென்டிரைவில் ஒரு பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதப் பணி தொடங்கும் நாளில், புதிய பக்கத்தைத் திறப்பதற்கு முன் பழைய கோப்பின் கடைசிப் பக்கத்தைத் திரையில் காட்டி, இன்று எழுதினால் இதில் எந்த வாக்கியத்தை மாற்றுவீர்கள் என்று ஒவ்வொரு குழுவையும் கேளுங்கள்.